விடியப்புறம் பற்றாத பெலெட் பர்னர்: திருகோணமலைப் பேக்கரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பேக்கரி பாலையூற்றுப் பக்கம் இருக்கிறது. போறணை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சூடாகும். இரவு ஒரு மணியளவில் காலைப் பாணுக்கு, மத்தியானம் தாண்டிப் பின்னேரப் பணிசுக்கு. 2022 இலும் டீசல் பர்னர்தான். அந்த வருடம் ஜூன் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தவருக்கும் டீசல் இல்லை. வரிசையில் நின்று களைத்த முதலாளிக்கு, நிலைமை சீரான பிறகும் டீசலில் நம்பிக்கை வரவில்லை. ஒரு லீற்றர் டீசல் தரும் வெப்பத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ பெலெட், அதாவது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு துண்டுகள், போதும் என்ற கணக்கு அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த வருடம் ஆனி மாதத்தில் டீசல் பர்னரைக் கழற்றிவிட்டு அதே வாயில் பெலெட் பர்னர் ஒன்றைப் பூட்டினார்கள். இந்தப் போறணையில் புகை பாணில் படுவதில்லை. இரும்புச் சுவருக்கு அப்பால் ஓடி, வெப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டுக் குழாயால் வெளியேறிவிடும்.

ஆனி, ஆடி என்றால் இங்கே கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலம். எல்லாம் காய்ந்து கிடக்கும். பர்னரும் ஒரு குறையில்லாமல் ஓடியது. ஐப்பசி பாதியில் மழை தொடங்கியது. கார்த்திகை பிறந்தபோது இரவில் பற்றவைப்பது அடிக்கடி தவறத் தொடங்கியது. பின்னேரத்தில் மட்டும் பிரச்சினை இல்லை. பாண் பிந்தினால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த பேக்கரிக்குப் போய்விடுவார்கள். அதனால் இது முதலாளிக்கு நேரடி நட்டம்.

எந்த ஒழுங்கில் பற்ற வேண்டும்

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் பெலெட் அடுப்பும் இந்தப் பர்னரும் அளவில்தான் வேறு. தொடங்கும் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றே. சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்றாடி சுற்றி, உள்ளே நிற்கும் பழைய புகையை வெளியே தள்ளும். புகை போகும் வழி திறந்திருக்கிறது என்று அழுத்தச் சுவிட்ச் சொன்னால்தான் திருகுத்தண்டு சுற்றும். பெட்டியில் இருக்கும் பெலெட் எரிகிண்ணத்தில் விழும். கிண்ணத்தின் பக்கத்துத் துளைக்குப் பின்னால் விரலளவில் ஒரு கம்பி, அதுதான் இக்னைட்டர், 300 வாட். அது சிவந்து, அதைச் சுற்றிக் குழாய்க்குள் வரும் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்றுப் பட்டுப் பெலெட் முதலில் புகையும், பிறகு சுவாலை வரும். சுவாலையைச் சென்சர் கண்டதும் இக்னைட்டர் அணைந்துவிடும். 15 நிமிடத்துக்குள் சுவாலை தெரியாவிட்டால், பர்னரைக் கட்டுப்படுத்தும் மின் போர்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பற்றவில்லை என்ற குறியைக் காட்டும்.

அந்தக் குறியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பற்றவில்லை என்பது முடிவு. எந்தப் படியில் தடைப்பட்டது என்பதை அது சொல்லாது.

நான் போகும் முன் நடந்தவை

பர்னரை விற்றவர்கள் தொலைபேசியில் கேட்டுவிட்டு, இக்னைட்டர் போயிருக்கும் என்றார்கள். புதியதை வரவழைத்து மாற்றினார்கள். சில நாட்கள் பற்றியது, மறுபடி தவறியது. அடுத்த ஆலோசனை, தொடக்கத்தில் விழும் பெலெட்டின் அளவைக் கூட்டுவது. அதையும் செய்தார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

இதற்கிடையில் போறணையில் நிற்கும் அண்ணன் தன் வழியில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். பற்றாமல் நின்றால் பார்வைத் துளையைத் திறந்து ஒரு போத்தல் மூடியளவு மண்ணெண்ணெய் ஊற்றி, நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போடுவது. ஒரு இரவு, புகைந்துகொண்டிருந்த குவியலில் ஊற்றியபோது உள்ளே குப்பென்று வெடித்துப் போறணைக் கதவு தானாகத் திறந்துவிட்டது. அவருடைய புருவமும் முன்கை மயிரும் கருகின. அதற்குப் பிறகுதான் கோளாறைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, பின்னேரம் பத்துது, விடியப்புறம் பத்துதில்லை. ஒரே அடுப்பு, ஒரே ஆக்கள். இதுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றார் முதலாளி. விடியப்புறம் குளிர் என்பது அவருடைய விளக்கம். திருகோணமலையில் கார்த்திகை இரவிலும் வெப்பநிலை 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐரோப்பாவில் உறைபனியிலேயே பற்றுகிற அடுப்புக்கு அது ஒரு குளிரா? ஆனால் அவர் சொன்ன வித்தியாசம் முக்கியம். இரவுக்கும் பின்னேரத்துக்கும் இடையில் எது மாறுகிறதோ அதில்தான் காரணம் இருக்க வேண்டும்.

தொடாமல் பார்த்தது

முதலில் எதையும் கழற்றவில்லை. இரவு ஒரு மணிக்கு வழக்கமாக எப்படித் தொடங்குவார்களோ அப்படியே தொடங்கச் சொல்லி, பார்வைத் துளையடியில் கடிகாரத்துடன் நின்றேன். மண்ணெண்ணெய்ப் போத்தலை மட்டும் வெளியே வைக்கச் சொன்னேன். மழைச்சாரலுக்காக மூடியிருந்த இரண்டு கதவுகளையும் திறக்கச் சொன்னேன். பற்றாமல் புகையும் பெலெட்டிலிருந்து கார்பன் மொனொக்சைட்டு வரும், அதற்கு மணமில்லை.

காற்றாடி சுற்றியது. பெலெட் விழுந்தது. ஆக, அந்த இரண்டு படியும் சரி. நான்கு நிமிடமளவில் துளைப்பக்கம் மங்கலாகச் சிவந்தது, அப்புறம் புகை. தடித்த, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை. அது குழாயால் போனதைவிட, கிண்ணத்துக்குள் மெதுவாகச் சுழன்றதே அதிகம். பெலெட் பெட்டிப் பக்கமாகவும் கொஞ்சம் புகை கசிந்தது. பெலெட் விழுந்துகொண்டே இருந்தது. சிவந்த இடம் புதிய பெலெட்டுக்கு அடியில் மறைந்துபோனது. 15 நிமிடத்தில் போர்ட் நிறுத்தியது.

வழக்கமாக இந்த இடத்தில் அவர்கள் மறுபடி சுவிட்சைப் போடுவார்கள். ஏற்கெனவே குவிந்து புகையும் பெலெட்டின் மேல் இன்னொரு தொகுதி விழும். சுவாலையில்லாமல் சூடாகும் மரம் எரியக்கூடிய வாயுக்களைத்தான் விடுகிறது. அவை போறணைக்குள் நிரம்பி, எங்கோ ஒரு பொறி பட்டதும் ஒரே நேரத்தில் எரியும். அண்ணனுக்கு நடந்தது அதுதான். மண்ணெண்ணெய் அதை இன்னும் வேகமாக்கியது. அன்றிரவே ஒரு முடிவு எடுத்தோம்: பற்றாமல் நின்றால் அரை மணி நேரம் காற்றாடியை ஓடவிட வேண்டும், கிண்ணம் ஆறியதும் வெறுமையாக்க வேண்டும், அதன் பிறகுதான் இரண்டாம் தடவை. பாண் பிந்தினால் பிந்தட்டும் என்று முதலாளியே சொன்னார். அது நல்லதாகப் போயிற்று. என் வாயால் சொல்லியிருந்தால் போறணைப் பக்கம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிண்ணத்தில் இருந்தது

கிண்ணத்தை வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். அடியில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. சாம்பல்நிற ஓடு ஒன்று ஒட்டிக் கிடந்தது. திருப்புளியால் நெம்பியபோது பீங்கான் துண்டு போல் உடைந்து விழுந்தது. இக்னைட்டர் துளையின் கீழ் விளிம்பிலும் அதே ஓடு. அதற்கு மேலே இன்னொரு வகைச் சாம்பல்: பெலெட்டின் உருவத்திலேயே, தொட்டால் நொறுங்கும் வெள்ளைக் கூடுகள்.

அந்தக் கூடுகளைப் பார்த்ததும் பெலெட்டைப் பற்றிக் கேட்டேன். மரத்தூள் பெலெட் லொறி வராமல் போன ஒரு வாரத்தில், உமி கலந்த பெலெட் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருக்கிறார்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் ஆலைகள் இருக்கும்போது உமிக்கு என்ன பஞ்சம்! எரிபொருளாக உமி மோசமில்லை. ஆனால் நல்ல மரத்தூள் பெலெட்டில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உமியில் அது 20 சதவீதத்தை ஒட்டி வரும், பெரும்பகுதி சிலிக்கா. எரிந்த பிறகும் உருவம் குலையாமல் கிண்ணத்திலேயே நிற்கும். மண்ணும் உப்புக்களும் சேர்ந்தால் சூட்டில் இளகி ஓடாக ஒட்டும். காலையும் மாலையும் சாம்பல் தட்டும் பழக்கம் மரத்தூளுக்குப் போதுமாக இருந்தது, உமிக்குப் போதவில்லை.

அப்புறம் கழற்றி எறிந்த பழைய இக்னைட்டரைத் தேடினேன். ஆணிப் பெட்டிக்குள் கிடந்தது. 230 வோல்ட்டில் 300 வாட் என்றால் தடை 176 ஓம் அளவில் இருக்க வேண்டும். மீற்றர் 178 காட்டியது. மெகர் என்ற மின்காப்பு மீற்றரை வைத்து உறைக்கு மின் கசிகிறதா என்றும் பார்த்தோம். இல்லை. நல்ல பொருள். புதியதைப் போட்டதும் சில நாட்கள் பற்றியதற்குக் காரணம், அதை மாற்றக் கிண்ணத்தைக் கழற்றியபோது கூடவே சுரண்டித் துப்பரவாக்கியதுதான்.

மீதிச் சந்தேகங்கள்

அடைபட்ட கிண்ணம் பின்னேரத்திலும் அடைபட்டதுதானே? அப்போது மட்டும் ஏன் பற்றுகிறது? போறணை அந்நேரம் இன்னும் இளஞ்சூடாக இருக்கும், அது கொஞ்சம் உதவும். ஆனால் அதுமட்டும் போதாது என்று பட்டது.

கிண்ணத்தைச் சுத்தமாக்கிவிட்டு, வேறெதையும் மாற்றாமல் அடுத்த இரவு பார்த்தோம். பற்றியது, ஆனால் 13 நிமிடம் பிடித்தது. இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் நின்றிருக்கும்.

பெலெட் மூட்டைகளை வெளிச் சுவரோடு சாய்த்து, வெறும் சீமெந்துத் தரையில் அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்தவற்றின் வாய் திறந்தபடி. கையில் எடுத்த பெலெட் முறியும்போது சத்தம் வரவில்லை, பளபளப்பும் போயிருந்தது. பேக்கரியில் தராசும் போறணையும் இருக்கும்போது வேறு கருவி எதற்கு? அந்த மூட்டையில் 500 கிராம் நிறுத்துத் தட்டில் பரப்பி, 105 பாகையில் நிறை குறைவது நிற்கும் வரை வைத்தோம். 435 கிராம் மிஞ்சியது. ஈரம் 13 சதவீதம். நடுவில் இருந்த, வாய் திறக்காத மூட்டையில் 460 கிராம், அதாவது 8 சதவீதம். மர பெலெட்டுக்கான ஐஎஸ்ஓ 17225-2 தரம் 10 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை அனுமதிப்பதில்லை. தொடக்கத்தில் 300 கிராம் விழுகிறதென்று வைத்தால், இந்த 5 சதவீத வித்தியாசம் 15 கிராம் தண்ணீர். அதைச் சூடாக்கி ஆவியாக்க 300 வாட் கம்பிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தேவை. கிண்ணம் முழுவதும் காய வேண்டியதில்லைதான். ஆனால் அளவைக் கூட்டிக் கொட்டியது எவ்வளவு பிழையான திசை என்பது இதில் தெரியும்: காய வேண்டிய பொருள் கூடியது, காயவைக்கும் கம்பி அதேதான். போர்டில் அந்த அளவைப் பழையபடி குறைத்தோம்.

மூன்றாவது சந்தேகத்தை எழுப்பியது அங்கே மின் வேலை செய்யும் தம்பி. பர்னர் நிற்கும் மூலைக்கு நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று போனது. அதே வயரில்தான் மா குழைக்கிற மெஷினும். பிளக்கின் ஒரு கால் கறுத்து, தொட்டால் சுட்டது. இரவு ஒரு மணிக்குப் போறணையைப் பற்றவைக்கும்போதே மாவும் குழைப்பார்கள். பின்னேரத்தில் மாக் குழைத்து முடிந்த பிறகுதான் பற்றவைப்பார்கள். மெஷின் நிற்கும்போது பர்னர் முனையில் 226 வோல்ட் இருந்தது, ஓடும்போது 204. வோல்ட் குறைந்தால் கம்பியின் வெப்பம் வர்க்க விகிதத்தில் குறையும். 204 வோல்ட்டில் அந்த 300 வாட் கம்பி ஏறக்குறைய 236 வாட்தான். முதலாளி கேட்ட கேள்விக்கு விடையில் பெரும்பங்கு இதுதான்.

சுத்தமான கிண்ணம், வாய் திறக்காத மூட்டையின் பெலெட், மெஷின் நிறுத்தியபடி என்று பார்த்தபோது ஆறு நிமிடத்தில் சுவாலை வந்தது. மெஷினை ஓடவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே வைத்தபோது எட்டரை நிமிடம்.

எடுத்த முடிவுகள்

பர்னருக்குத் தனி வயர், தனி பிரேக்கர். செலவு பெரிதில்லை, அன்றே செய்தார்கள். மூட்டைகள் மரத் தட்டுக்களின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. திறந்த மூட்டை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாவுக்குள். பெலெட் பெட்டியில் இரவு முழுக்கக் கிடக்கவிடாமல் தேவையான அளவை மட்டும் கொட்டுவது. கிண்ணத்தை ஒவ்வொரு பற்றவைப்புக்கு முன்னும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கண் போதும்.

உமிப் பெலெட்டை முற்றாக நிறுத்தச் சொல்லவில்லை. விலை வித்தியாசம் அவருக்குத்தான் தெரியும். இரவுக்கு மரத்தூள், பின்னேரத்துக்கு உமி கலந்தது என்று ஒத்துக்கொண்டோம்.

பற்றும் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 25 ஆக்கலாமே என்று முதலாளி கேட்டார். போர்டில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் கிண்ணம் அடைபட்டிருந்தால் அந்தப் பத்து நிமிடமும் புகைதான் சேரும். அதோடு, சரியாக இருக்கும் பர்னர் ஆறு நிமிடத்தில் பற்றும்போது 15 நிமிடமே தாராளம். அதைத் தொடவில்லை.

மார்கழியில் வேறொரு கோளாறு

மூன்று கிழமை ஒழுங்காக ஓடிய பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். குறி வேறு, நடப்பதும் வேறு. காற்றாடி சுற்றுகிறது, பெலெட் விழவே இல்லை. திருகுத்தண்டின் மோட்டர் போய்விட்டது என்று மின் வேலைத் தம்பி நினைத்தார். பழைய நோய் திரும்பியதாக முதலாளி நினைத்தார். இரண்டும் இல்லை. இந்தத் தடவை தொடக்கம் இரண்டாம் படியிலேயே, அழுத்தச் சுவிட்சில், நின்றது.

சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். இப்படியான குழாய்களில் குளவி மண்கூடு கட்டுவது இந்தப் பக்கம் புதிதில்லை. குழாய் சுத்தம். சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு கணம் இணைத்ததும் திருகுத்தண்டு சுற்றியது, ஆக மோட்டரும் சரி. அந்த இணைப்பை அப்படியே விட்டுவிடலாம் என்றார் தம்பி. அதை மறுத்தேன். புகை வெளியேறாதபோது பெலெட் விழாமல் தடுப்பது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான். அதைத் தாண்டிவிட்டால் மூடிய கட்டிடத்துக்குள் புகை திரும்பும், தீ பெலெட் பெட்டிக்கு ஏறவும் கூடும்.

காரணம் வெளியே இருந்தது. புகைக்குழாயைச் சுவரைத் துளைத்துக் கிடையாக, வடகிழக்கைப் பார்த்து விட்டிருந்தார்கள். பூட்டிய ஆனி மாதத்தில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவர் காற்றுக்கு மறைவு. மார்கழியில் வாடை எழும்பி அதே துவாரத்தில் நேராக முட்டியது. காற்றாடியால் அதை எதிர்த்துத் தள்ள முடியவில்லை. நிரூபிக்க ஒரு தகரத் தகடே போதும். மழையங்கி போட்ட பையன் ஒருவன் துவாரத்திலிருந்து இரண்டடி தள்ளித் தகட்டை மறைப்பாகப் பிடித்தான். உள்ளே சுவிட்ச் டிக்கென்று இணையும் சத்தம் கேட்டது. தகட்டை விலக்கியதும் இணைப்பு விட்டது. சில தடவை செய்து பார்த்தபோதும் அப்படியேதான்.

குழாயை வெளிச்சுவரோடு செங்குத்தாக உயர்த்தி, கூரை முகட்டுக்கு மேலே கொண்டுபோய், T வடிவ மூடி போட்டார்கள். அடியில் சாம்பல் எடுக்க ஒரு கதவும் வைத்தோம். உட்பக்கத்தில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்த சாதாரணத் தகட்டுக் குழாய்க்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்கு. உப்புக் காற்று அடிக்கும் ஊரில் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. உயரக் குழாய்க்கு இன்னொரு இலாபம்: சூடான புகை தானாகவே மேலே இழுபடும், கரன்ட் போனாலும் உள்ளே நிற்காது.

பின்னர்

மாசி வரையிலான காலத்தில் இரவுப் பற்றவைப்பு ஆறிலிருந்து எட்டு நிமிடத்துக்குள் முடிந்தது. தவறியபோது ஒவ்வொரு தடவையும் கிண்ணம் பார்க்கப்படவில்லை என்பது தெரிந்தது. பெரும்பாலும் உமி எரிந்த பின்னேரத்துக்கு அடுத்த இரவு. பழைய இக்னைட்டரையே திரும்பப் பூட்டி, புதியதை உதிரியாக வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலை அண்ணனே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மாற்ற வேண்டியவை

இப்படியான பர்னரைப் பூட்டுகிறவர்கள் கிழக்குக் கரையில் புகைத் துவாரத்தின் திசையை வாடையையும் கொண்டலையும் (கிழக்குக் காற்று) கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். பூட்டுகிற அன்று அடிக்கும் காற்று அதற்குச் சாட்சியாகாது. விற்கிறவர்கள் தொலைபேசியில் உதிரிப்பாகம் அனுப்பும் முன் மூன்று கேள்விகளாவது கேட்கலாம்: பெலெட் விழுகிறதா, புகை வருகிறதா, சுவாலை வந்து அணைகிறதா. விழவில்லையென்றால் அழுத்தச் சுவிட்ச், குழாய், மோட்டர். விழுந்தும் புகையில்லையென்றால் இக்னைட்டர் அல்லது அதற்குப் போகும் மின். புகை வந்தும் சுவாலையில்லையென்றால் காற்றுத் துளைகளும் ஈரமும். சுவாலை வந்து அணைந்தால் சென்சரில் படிந்த கரி. இந்த ஒழுங்கு இருந்திருந்தால் இங்கே இக்னைட்டர் வாங்கிய காசு மிஞ்சியிருக்கும்.

பெலெட் வாங்கும் முறையை முதலாளி தானாகவே மாற்றிக்கொண்டார். லொறி வந்ததும் ஒரு மூட்டையைத் திறந்து 500 கிராம் எடுத்து, பணிஸ் இறக்கிய சூட்டில் காயவைத்து நிறுக்கிறார்கள். 450 கிராமுக்குக் குறைந்தால் அந்த லொறியைத் திருப்பி அனுப்புவதில்லை. விலையைக் குறைத்துப் பேசி இறக்கி, பின்னேரத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்.